விடுமுறை உலா: வட்டப் பாதையில் ஒரு நாள்

மாட்டுங்காவில் வாழும் அம்மையார் ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். “எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மலையேற வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறார்கள். ஏறிய வழியிலேயே இறங்குவது அவர்களுக்குச் சலிப்பாக இருக்கிறதாம். ஒரு மலையைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இரயில் நிலையத்துக்கே மாலைக்குள் வந்து சேரும்படி ஏதேனும் பாதை உண்டா? உண்டாயின், அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதையும் எழுதுங்கள்” என்பது அக்கடிதத்தின் சாரம். பிம்ப்ரியிலிருந்து ஓர் இளைஞரும் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்து இத்திங்கள் விடை எழுதுகிறேன்.

பாதை உண்டு. மும்பைக்கும் புனேக்கும் நடுவே, லோனாவாலாவை அடுத்து, லோஹகட், விசாப்பூர் என்னும் இரண்டு கோட்டை மலைகள் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் கண்டு, விசாப்பூர் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, வண்டியிலிருந்து இறங்கிய நிலையத்துக்கே திரும்பிவிடலாம். உடல் நலமுள்ள நடுத்தர வயதினருக்கும், பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் இது இயலக்கூடிய நடையே. ஆங்காங்கே கையை ஊன்றி ஏறவேண்டிய பாறைகள் இருக்கும். ஆயினும், விளையாட்டாக எண்ணிப் புறப்படத் தக்க வழி அன்று. அவ்வாறு புறப்பட்டவன் ஒருவன் பட்ட பாட்டையும் இங்கே சொல்லப் போகிறேன். அவன் வேறு யாரும் அல்லன், இதை எழுதுகிறவனேதான்.

பாதை

முதலில் வழியைப் பார்ப்போம். மும்பையிலிருந்து லோனாவாலா இரயில் வழியில் 128 கிலோமீட்டர். புனேயிலிருந்து 64 கிலோமீட்டர். லோனாவாலாவுக்கு அடுத்து, புனே செல்லும் திசையில் உள்ள சிறு நிலையம் மளவ்லி. புனேக்கும் லோனாவாலாவுக்கும் இடையே ஓடும் உள்ளூர் வண்டிகள் அங்கே நிற்கும். மும்பை அன்பர்கள் லோனாவாலாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். இந்த உள்ளூர் வண்டிகள் மும்பைப் புறநகர் வண்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக வருவன அல்ல. ஆதலால் திரும்பும் வண்டிகள் இரண்டின் நேரத்தையேனும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நலம்.

மளவ்லியில் இறங்கி, மும்பை–புனே விரைவுச் சாலையின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் பாஜே என்னும் சிற்றூர் வரும். அவ்வூருக்கு மேலே, விசாப்பூர் மலையின் சரிவில், 22 குடைவரைகள் உள்ளன. அவற்றுள் தொன்மையானவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. பாஜேயிலிருந்து சாலை வளைந்து வளைந்து மேலேறி, இரு மலைகளுக்கும் இடையிலுள்ள கணவாயை அடைகிறது. இதனைக் காய்முக் கணவாய் என்பர். பசுவின் முகம் என்பது பொருள். கணவாயில் நின்றால் வலப்புறம் லோஹகட், இடப்புறம் விசாப்பூர். இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் முக்கியமான செய்தி இந்தக் கணவாயைப் பற்றியதே. ஆதலால் அன்பர்கள் இப்பெயரை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

வலப்புறம் திரும்பினால் சிறிது தொலைவில் லோஹகட்வாடி என்னும் குடியிருப்பு. அங்கிருந்து கோட்டைக்குக் கற்படிகள் உள்ளன. கணேச வாயில், நாராயண வாயில், அனுமன் வாயில், மகா வாயில் என்று நான்கு வாயில்களை வரிசையாகக் கடந்து உச்சியை அடைகிறோம். உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,033 மீட்டர். அங்கே நின்றால் கீழே பவனா நீர்த்தேக்கமும், அதற்கு அப்பால் துங், திகோனா என்னும் கோட்டைகளும் தெரியும். மலையின் ஒரு முனை, நீண்டு மெலிந்து, தேளின் கொடுக்கைப்போல் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். விஞ்சூகாட்டா என்ற மராத்திப் பெயருக்கும் அதுவே பொருள்.

பிறகு படி இறங்கிக் கணவாய்க்குத் திரும்பி, எதிரே உள்ள விசாப்பூரில் ஏற வேண்டும். இது 1,084 மீட்டர்; லோஹகட்டைவிடச் சற்று உயரம். மேலே அகன்ற மேட்டுநிலம், சிதைந்த மதில்கள், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள். மேட்டுநிலத்தைக் கடந்து மறுபுறம் பாட்டண் என்னும் சிற்றூரின் பக்கமாக இறங்கினால் மீண்டும் மளவ்லி நிலையம். வட்டம் நிறைவுபெற்றது.

இக்கோட்டைகளுக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். உறவு உண்டு. லோஹகட்டைச் சிவாஜி 1648-இல் கைப்பற்றினார், 1665-இல் புரந்தர் உடன்படிக்கையின்படி மொகலாயருக்கு விட்டுக்கொடுத்தார், 1670-இல் மீட்டார். அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1677-இல், நம் தென்னாற்காட்டுச் செஞ்சிக் கோட்டையும் அவர் வசமாயிற்று. அவருடைய மகன் இராஜாராம் 1689-இல் மராட்டிய நாட்டை விட்டுத் தப்பி வந்து புகலடைந்த இடம் அந்தச் செஞ்சியே. மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-இல்தான் அதனைப் பிடித்தது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. லோஹகட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது, தமிழ்நாட்டின் செஞ்சி. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் லோஹகட்டின் படியில் ஏறும்போது இந்தச் செய்தியைச் சொல்லிவைக்கலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் வரலாறும், பாட்டி ஊர்க் கோட்டையும் ஒரே கதையின் இரு பகுதிகள் என்பது அவர்களுக்குப் புலப்படும்.

நேரக் கணக்கு

நிற்க. எத்தனை மணிநேரம் ஆகும் என்பதே திட்டத்தின் உயிர். இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறியான நைஸ்மித் என்பவர் 1892-இல் வகுத்தது. தட்டையான வழியில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணிநேரம். இதுவே அக்கணக்கு.

நமது வட்டத்தை 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு மலைகளிலும் ஏறும் ஏற்றம் மொத்தம் 700 மீட்டர் அளவு. அப்படியானால் தூரத்துக்கு மூன்றரை மணிநேரத்துக்குச் சற்று மேல். ஏற்றத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம். ஆக ஏறத்தாழ நாலே முக்கால் மணிநேரம். ஆனால் நைஸ்மித் கணக்கிட்டது பழகிய காலுடைய ஆண்மக்களை. நம் கூட்டத்தில் பிள்ளைகள் இருப்பர். ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறவர்கள் இருப்பர். ஆதலால் பாதி அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். அது ஏழு மணிநேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. உண்ணவும் இளைப்பாறவும் கண்டு மகிழவும் ஒன்றரை மணிநேரம் சேர்த்தால் எட்டரை மணிநேரத்துக்குக் குறையாது.

இந்தக் கணக்கைக் கடிகாரத்தின்மேல் வைத்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு மளவ்லியிலிருந்து நடக்கத் தொடங்கினால் 9.30-க்குக் கணவாய்; 10.40-க்கு லோஹகட் உச்சி, அங்கே நாற்பது நிமிடம் உணவும் ஓய்வும், 12.15-க்கு மீண்டும் கணவாய், 1.30-க்கு விசாப்பூர், மேட்டுநிலத்தைக் கடந்து சற்று அமர்ந்து 2.10-க்கு இறக்கம், 3.40-க்கு மளவ்லி. டிசம்பர்த் திங்களில் இப்பகுதியில் கதிரவன் மறைவது மாலை ஆறு மணியளவில். கையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைச் செலவழிக்கலாகாது. யாருக்கேனும் கால் பிசகினால் அதுவே நம்மைக் காக்கும் முதல்.

விஞ்சூகாட்டாவின் முனைவரை நடந்து வர விரும்புவோர் அன்றைக்கு விசாப்பூரை விட்டுவிட வேண்டும். மும்பையிலிருந்து அதே நாள் காலையில் புறப்படுவோர் 7 மணிக்கு மளவ்லியில் இருப்பது அரிது. அவர்கள் முதல் நாள் மாலையே லோனாவாலாவுக்கு வந்து தங்குவது முறை. அதற்கு வசதிப்படாதாயின் லோஹகட் மட்டும் போதும் என்று மனத்தை முன்னதாகவே ஆற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்த பிழை

இவ்வளவு கணக்குச் சொல்லும் நான் 2016 டிசம்பரில் ஒரு கணக்கும் போடாமல் புறப்பட்டேன். மூன்று குடும்பங்கள், பதினொரு பேர். நானே தலைவன். செஞ்சிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து என் அத்தை எங்களோடு சில திங்கள் தங்கியிருக்க வந்திருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. செஞ்சி மலையைப் பார்த்தே வளர்ந்தவர், “மலை எனக்குப் புதிதா?” என்று மகிழ்ச்சியோடு உடன் வந்தார்.

மளவ்லியில் இறங்கும்போதே மணி ஒன்பது. பாஜேயில் தேநீர் அருந்தினோம். லோஹகட்டில் ஏறினோம், விஞ்சூகாட்டாவின் முனைவரை சென்று படம் எடுத்துக்கொண்டோம். கணவாய்க்குத் திரும்பியபோது மணி மூன்று. அத்தை ஒரு கல்லின்மேல் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். “தம்பி, எனக்கு முட்டி வலிக்கிறது. வந்த சாலையிலேயே போய்விடலாமா?” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னும் கொஞ்சந்தான் அத்தை. இனிமேல் இறக்கந்தான்” என்றேன். அது பொய். எதிரே விசாப்பூரின் ஏற்றம் முழுவதும் இருந்தது. வட்டத்தை முடிக்க வேண்டும் என்ற ஆசை என் கண்ணை மறைத்தது. அத்தை ஒரு மறுமொழியும் சொல்லாமல் எழுந்து நடந்தார்.

விசாப்பூரின் மேல் ஏறியபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. இறங்கும் வழியில் பாதி தொலைவு செல்லுமுன் இருட்டிவிட்டது. எங்களிடம் ஒரு கைவிளக்குக்கூட இல்லை. கைப்பேசிகளின் ஒளியில் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு இறங்கினோம். நாள் முழுதும் படம் எடுத்ததில் அவையும் ஒவ்வொன்றாக அணைந்தன. அத்தையின் முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பாறையருகே அமர்ந்துவிட்டார். மேலே திரும்பவும் முடியாது. கீழே செல்லவும் முடியாது. குழந்தைகள் அழத் தொடங்கின. டிசம்பர்க் குளிர் வேறு.

அப்போது பதினான்கு வயதாயிருந்த என் மகன் கீழே ஏதோ ஒளி அசைவதைக் கண்டு மராத்தியில் உரக்கக் கூவினான். இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தும் என் மராத்தி கடைத்தெருவைத் தாண்டியதில்லை. பள்ளியில் படித்த அவன் மொழிதான் அன்றைக்குப் பயன்பட்டது. கூவல் கேட்டு, கீழ் ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கைவிளக்கோடும் தடியோடும் ஏறி வந்தார். வந்தவர் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்று, இரண்டு இளைஞர்களை அழைத்து வந்தார். அவர்கள் அத்தையைத் தாங்கி இறக்கினார்கள். ஊரை அடைந்தபோது இரவு எட்டரை. அம்முதியவரின் வீட்டில் பதினொரு பேருக்கும் தேநீர் கொடுத்தார்கள். காசு கொடுக்க நீட்டிய கையை அவர் மெல்லத் தள்ளிவிட்டார்.

அத்தை மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். பொங்கலுக்குத் தம் ஊருக்குத் திரும்ப வாங்கியிருந்த பயணச்சீட்டை நீக்க வேண்டியதாயிற்று. அவர் ஊரில் இல்லாமல் கழிந்த முதல் பொங்கல் அது. ஒரு நாளும் என்னைக் கடிந்ததில்லை. புறப்படும் நாளன்று மட்டும், “நீ வழியைப் பார்த்தாய், தம்பி. கூட வந்தவளைப் பார்க்கவில்லை” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு அவர் மும்பைக்கு வரவில்லை.

கணவாயில் எடுக்க வேண்டிய முடிவு

அந்த நாளிலிருந்து நான் கற்றது ஒன்று. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

ஏறிய வழியிலேயே இறங்கும் பாதையில் எந்த இடத்தில் மனம் மாறினாலும் திரும்பிவிடலாம். வந்த அளவே திரும்பும் அளவு. வட்டப் பாதை அப்படிப்பட்டதன்று. அதில் ஓர் இடம் இருக்கிறது. அதுவரை திரும்புவது எளிது. அதைக் கடந்துவிட்டால் திரும்புவதைக் காட்டிலும் முன்னே செல்வதே குறுகிய வழி. அங்கே ஒருவருக்கு உடல் நலிந்தால், நலிந்த உடலோடு முன்னேதான் செல்ல வேண்டும். ஆதலால் வட்டப் பாதையில் நடக்க எண்ணுகிறவர் முதலில் வரைபடத்தில் தேட வேண்டுவது அந்த இடத்தையே. நமது பாதையில் அது காய்முக் கணவாய். அங்கிருந்து பாஜே வழியாக நிலையத்துக்குச் சாலை இருக்கிறது. இருட்டினாலும் வழி தவறாது. தேவையானால் ஊர்தி வரவழைக்கலாம். விசாப்பூரில் ஏறிவிட்டால் இவற்றில் ஒன்றும் இல்லை.

அந்த இடத்துக்கு ஒரு நேர வரம்பும் வீட்டிலிருக்கும்போதே குறித்துவிட வேண்டும். லோஹகட்டிலிருந்து இறங்கிக் கணவாயை அடையும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தால் அன்றைக்கு விசாப்பூர் இல்லை. இதில் வாதத்துக்கு இடம் கொடுக்கலாகாது. மலையின்மேல் நிற்கும்போது எல்லாருக்கும் ஆசை மிகும், அறிவு மெலியும். ஆகையால் முடிவை முந்தைய நாள் இரவே எடுத்துவைப்பது நல்லது.

மற்றொன்று. கணவாயில் தலைவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, “எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்டிர், பிறருடைய மகிழ்ச்சிக்குத் தாம் தடையாகிவிடக் கூடாதே என்று தம் வலியை ஒருமுறைக்குமேல் சொல்லமாட்டார்கள். அவர்கள் ஒருமுறை சொன்னால் பத்து முறை சொன்னதாகக் கொள்ள வேண்டும்.

பருவமும் இடர்களும்

இந்த வட்டத்துக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச்சு முதல் வெயில் கடுமை. விசாப்பூரின் மேல் நிழல் அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழைக்காலத்தில் சஹ்யாத்திரி அழகின் உச்சத்தில் இருக்கும் என்பது மெய்தான். ஆனால் இங்குள்ள கரும்பாறை, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. பாசி படிந்தால் வழுக்கும். படிகளின்மேலேயே நீர் பாயும். விசாப்பூரின் மேட்டுநிலத்தில் மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் உள்ளவர் தெரியமாட்டார். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூசி அணைக்கு அருகே அருவியில் நின்றிருந்த ஒரு குடும்பத்தின்மீது திடீர் வெள்ளம் பாய்ந்து, ஒரு பெண்ணையும் நான்கு குழந்தைகளையும் அடித்துச் சென்றது. அவர்களும் நம்மைப்போல் விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்களே. ஆதலால் முதன்முறை செல்வோர் மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும்.

லோஹகட்டில் குரங்குகள் மிகுதி. உணவுப் பொட்டலத்தைக் கையில் ஏந்திச் செல்லலாகாது, பைக்குள் இருக்கட்டும். பாறை விளிம்புகளில் தேனடைகள் இருக்கக்கூடும். அங்கே புகை மூட்டுவதும் கூச்சலிடுவதும் கூடாது.

கொண்டு செல்ல வேண்டுவன

ஆளுக்கு மூன்று லிட்டர் நீர். இதில் சிக்கனம் வேண்டா. தயிர்ச்சாதம் வெயிலில் புளித்துவிடும் என்று அஞ்சுவோர் புளியோதரை கட்டிக்கொள்ளலாம். எலுமிச்சை, உப்பு, வெல்லம் மூன்றும் சிறு பொட்டலமாக இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்பாருக்கு நீரில் கலந்து கொடுக்கலாம். லோஹகட்வாடியில் சிறு உணவுக் கடைகள் உண்டு. சோள பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் கிடைக்கும். ஆனால் அதையே நம்பிக் கைவீசிச் செல்லலாகாது.

ஆளுக்கொரு கைவிளக்கு கட்டாயம். நண்பகலில் புறப்பட்டாலும் விளக்கு வேண்டும் என்பது நான் பட்டு அறிந்த பாடம். பிடிப்புள்ள அடியுடைய, பழகிய காலணி. புதுக் காலணி கொப்புளம் தரும். முழங்கால் வலியுள்ளோர்க்கு ஒரு கைத்தடி; ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அது உதவும். கட்டுத்துணி, புண்ணுக்குப் பூசும் மருந்து, அவரவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள். பெண்டிருக்கு வேண்டிய வசதி வழிநெடுக இருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. லோனாவாலா நிலையத்திலேயே கவனித்துக்கொள்வது நலம்.

கைப்பேசியில் வழிப்படத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மலையில் அலைத்தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியேனும் மாலைவரை அணைக்கப்பட்டே இருக்கட்டும். அவசர உதவிக்கு 112, நோயாளர் ஊர்திக்கு 108 என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். எந்த வழியாகச் செல்கிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி, வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

நடக்கும்போது மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கூட்டத்தின் வேகம் அவருடைய வேகமாக இருக்கட்டும். பழக்கமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வரட்டும். அவருக்குப் பின்னால் நம்மவர் எவரும் இருக்கலாகாது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று தலைகளை எண்ணுங்கள். ஐயம் எழுந்தால் வழியில் ஆடுமாடு மேய்ப்பவரைக் கேளுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். அவர்கள் மராத்தி நம்முடையதைவிடத் திருத்தமாக இருக்கும்.

இரண்டாம் முறை

2025 ஜூலையில் செஞ்சியும் லோஹகட்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்ற செய்தி நாளிதழ்களில் வந்த அன்று, அத்தை ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “உன் கோட்டையும் என் கோட்டையும் உறவாகிவிட்டன, பார்த்தாயா?” என்று சிரித்தார். பிறகு, “அந்த மலையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. முட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்” என்றார். நான் சிறிது நேரம் பேசவில்லை. “வாருங்கள் அத்தை. இம்முறை உங்கள் கணக்குப்படி போவோம்” என்றேன்.

சென்ற தை மாதம் வந்தார். வயது அறுபத்தேழு. நாங்கள் ஏழு பேர். முதல் நாளே லோனாவாலாவில் தங்கினோம். இளையவர்கள் மளவ்லியிலிருந்து நடந்தார்கள். அத்தையும் நானும் லோஹகட்வாடிவரை ஊர்தியில் சென்று அவர்களோடு சேர்ந்துகொண்டோம். இருபது படி ஏறுவது, ஒருமுறை அமர்வது என்று வைத்துக்கொண்டோம். மகா வாயிலில் அத்தை நெடுநேரம் அமர்ந்து கல்லைத் தடவிப் பார்த்தார். “எங்கள் ஊர்க் கல் வேறு; இது வேறு. ஆனால் வாயிலை வளைத்துக் கட்டிய கருத்து ஒன்றுதான்” என்றார்.

கணவாய்க்குத் திரும்பியபோது மணி 12.20. வரம்புக்குள் இருந்தோம். ஒவ்வொருவரையும் கேட்டேன். அத்தை, “நான் சாலையில் போகிறேன். நீங்கள் சுற்றிக்கொண்டு வாருங்கள்” என்று தெளிவாகச் சொன்னார். இப்போது இருபத்துமூன்று வயதாகிவிட்ட என் மகன் ஐந்து பேரையும் விளக்கு, நீர் எல்லாம் சரிபார்த்து விசாப்பூருக்கு நடத்திச் சென்றான். நான் அத்தையோடு ஊர்தியில் பாஜேக்கு இறங்கினேன். குடைவரைகளை ஆற அமரப் பார்த்தோம். வட்டத்தை விட்டு வந்ததில் எனக்குத் துளியும் குறை தோன்றவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் மளவ்லி நிலையத்தில் அமர்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தோம். 3.50-க்கு அவர்கள் புழுதியும் சிரிப்புமாக நடைமேடையில் ஏறி வந்தார்கள். அத்தை எழுந்து நின்று விரல் நீட்டி எண்ணினார். “ஐந்து. நம்மோடு ஏழு. சரியாக இருக்கிறது” என்றார். பிறகுதான் பொட்டலத்தை அவர்களிடம் நீட்டினார்.

மாட்டுங்கா அம்மையாரும் பிம்ப்ரி இளைஞரும் இக்குளிர்காலத்திலேயே சென்று வரட்டும். சென்று வந்தபின், கணவாயில் மணி என்ன, யார் எந்த வழியில் திரும்பினார்கள் என்பதை இப்பகுதிக்கு எழுதினால் மகிழ்வேன். அடுத்த திங்கள் வேறோர் உலாவில் சந்திப்போம். வணக்கம்.